இரண்டாம் வகுப்புப் படித்தவர் முதலாம் வகுப்புக்கு ஆசிரியர்

வெளிநாட்டிலிருந்து ஒரு தொண்டர் ஆசிரியர் படிப்பிக்க வருகிறார் என்று கேள்விப்பட்டால் ஊரே மகிழ்ச்சியடைகிறது. மாலை போட்டு வரவேற்கிறோம். உள்ள வீடுகளில் நல்ல வீடாகப் பார்த்து அவரைத் தங்கவைக்கிறோம். பிள்ளைகளும் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ சென்றதும் பிரியாவிடை நடக்கிறது. படம் எடுக்கிறார்கள். அவர் போய்விடுகிறார்.

அவர் போன மறுவாரம் அந்தக் கொட்டில் பாடசாலையில் என்ன நடக்கிறது? கரும்பலகைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? இந்தக் கேள்வியை வரவேற்ற நாளில் எவரும் கேட்பதில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கோ இது முக்கியமான கேள்வி. நிலமும் மாடும் போன பின் பிள்ளையின் படிப்பு ஒன்றே கையில் எஞ்சுகிறது. அதுவும் வருவோர் போவோரின் தயவில் நின்றால் எமது நிலை என்ன?

இக்கேள்விக்கு எம்மைப் போலவே நிலத்தை விட்டு ஓடிய விவசாயக் குடும்பங்கள் கண்ட ஒரு விடையை இக்கட்டுரையில் பார்ப்போம். அது மத்திய அமெரிக்காவிலுள்ள ஓர் அகதிமுகாமில் கிடைத்த விடை.

கடல் கடந்து வந்த ஆசிரியர்கள்

இளைஞர்களைத் தொண்டர்களாகத் தூர நாடுகளுக்கு அனுப்பும் வழக்கம் மிஷனரிமார் காலத்திலிருந்தே உண்டு. எனினும் இன்று நாம் காணும் முறை 1958இல் இங்கிலாந்தில் தொடங்கியது எனலாம். அவ்வருடம் அலெக் டிக்சன் என்பவரும் அவரது மனைவி மோராவும் வீ.எஸ்.ஓ. என்னும் அமைப்பை ஆரம்பித்தார்கள். முதலில் போனவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது இளைஞர்கள். 1961இல் அமெரிக்க அரசு சமாதானப் படை என்ற அமைப்பை உருவாக்கியது. அதன் முதலாவது குழுவினர் ஏறக்குறைய ஐம்பது பேர். அவ்வருடம் ஆகஸ்ட் மாத இறுதியில் அவர்கள் கானா நாட்டுக்கு வந்து இறங்கினார்கள். அனைவரும் ஆசிரியர் வேலைக்கே வந்தவர்கள்.

அக்காலத்தில் அது பெரிய உதவியாகவே இருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளில் இடைநிலைப் பாடசாலைகளுக்குப் போதிய ஆசிரியர்கள் இல்லை. கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆள் கிடைப்பது அரிது. தொண்டர்கள் அந்த இடைவெளியை நிரப்பினார்கள்.

குறையும் இருந்தது. மொழியும் ஊர் வழக்கமும் பிடிபடத் தொண்டருக்கு ஒரு வருடம் தேவைப்படும். பிடிபட்டு நன்றாகப் படிப்பிக்கத் தொடங்கும் வேளையில் தவணை முடிந்துவிடும். அடுத்தவர் வந்து ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். அடுத்தவர் வராவிட்டால் வகுப்புக் கலையும். இதை உணர்ந்தபடியால் வீ.எஸ்.ஓ. போன்ற அமைப்புகள் காலப்போக்கில் பள்ளி முடித்த இளைஞர்களுக்குப் பதிலாகத் தேர்ச்சியும் அனுபவமும் உள்ளவர்களை அனுப்பத் தொடங்கின. ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே அவர்களில் பலரின் வேலையாயிற்று.

ஓடி வந்த விவசாயிகள்

எல் சல்வடோர் மத்திய அமெரிக்காவில் உள்ள மிகச் சிறிய நாடு. கோப்பி விளையும் நல்ல நிலத்தின் பெரும்பகுதி ஒருசில குடும்பங்களின் கையில் இருந்தது. 1980 முதல் 1992 வரை அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறத்தாழ 75,000 பேர் மாண்டார்கள். போர் கடுமையாக நடந்த இடங்களுள் ஒன்று வடகிழக்கில் உள்ள மொறசான் மாகாணம். மலையும் கல்லும் நிறைந்த பூமி அது. சோளமும் அவரையும் விதைத்து, கயிறு திரிக்கும் கற்றாழையை வளர்த்துப் பிழைத்த ஏழை விவசாயிகள் அங்கு வாழ்ந்தார்கள். அந்த மாகாணத்தில் உள்ள எல் மொசோற்றே என்ற கிராமத்திலும் அதன் அயலிலும் 1981 டிசம்பரில் அரச படையினர் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெருந்தொகையினர் குழந்தைகள்.

1980இன் கடைசியிலிருந்தே மொறசான் குடும்பங்கள் எல்லையைக் கடந்து ஹொண்டூராஸ் நாட்டுக்குள் ஓடத் தொடங்கின. கொலமொன்காகுவா என்ற சிற்றூருக்கு அருகில் முகாம் அமைந்தது. காலப்போக்கில் அங்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் திருச்சபை நிறுவனங்களும் உணவும் மருந்தும் கொடுத்தன. ஆனால் முகாமைச் சுற்றி ஹொண்டூராஸ் இராணுவம் நின்றது. வெளியே போய்க் கூலி வேலை செய்யவோ, நிலம் எடுத்துப் பயிரிடவோ அனுமதி இல்லை. 1985 ஆகஸ்டில் படையினர் முகாமுக்குள் புகுந்தபோது உயிர்களும் பலியாகின. விவசாயி ஒருவனுக்கு விதைக்க நிலமின்றி உட்கார்ந்திருப்பது எத்தகைய வேதனை என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்பது வருடங்கள் இப்படிக் கழிந்தன. ஆனால் அந்த ஒன்பது வருடங்களும் வீணாகிவிடவில்லை. வந்தபோது அம்மக்களில் பெரும்பாலானோர் எழுத வாசிக்க அறியாதவர்கள். திரும்பிப் போனபோது பெரும்பாலானோர் எழுத வாசிக்க அறிந்திருந்தார்கள்.

யார் படிப்பித்தது?

முகாமில் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கவில்லை. படித்தவர்கள் என்று சொல்லத்தக்கவர்களும் மிகச் சிலரே. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வரை போனவர்கள் சிலர் இருந்தார்கள். போருக்கு முன்னர் கிராமங்களில் இயங்கிய அடித்தளக் கிறிஸ்தவக் குழுக்களில் வேதாகமம் வாசித்துப் பழகியவர்கள் சிலர் இருந்தார்கள். அக்குழுக்களில் குரு வராத ஞாயிறுகளில் விவசாயி ஒருவரே வாசகத்தை வாசித்து, மற்றவர்களைப் பேசச் செய்வார். கூட்டத்தை நடத்தவும், எல்லோரையும் கேள்வி கேட்கவைக்கவும் அங்குதான் பழகியிருந்தார்கள்.

இவர்களை வைத்தே தொடங்கினார்கள். இரண்டாம் வகுப்புப் படித்தவர் முதலாம் வகுப்புக்கு ஆசிரியரானார். மூன்றாம் வகுப்புப் படித்தவர் இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியரானார். அவர்களை மக்கள் ஆசிரியர்கள் என்று அழைத்தார்கள். பலர் மிகவும் இளம் வயதினர். சம்பளம் இல்லை. முகாமில் எந்த வேலைக்கும் சம்பளம் இல்லாதபடியால் தையல், தச்சு, சப்பாத்துத் தைத்தல், சமையல் ஆகியவற்றைப் போலப் படிப்பிப்பதும் பொது வேலைகளில் ஒன்றாயிற்று.

முதலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்ததும் ஆசிரியர் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மக்கள் ஆசிரியர் நாளில் ஒரு பகுதி நேரம் படிப்பித்தார், மற்றப் பகுதியில் தாமே மாணவராக உட்கார்ந்து மேல் வகுப்பைப் படித்தார். பிள்ளைகள் ஒரு படி ஏறும்போது ஆசிரியரும் ஒரு படி ஏறியிருப்பார். இப்படியே வகுப்புகள் ஆறாம் ஆண்டு வரை வளர்ந்தன.

ஆசிரியர்களுக்குப் படிப்பித்தது யார்? இங்குதான் வெளிநாட்டுத் தொண்டர்களின் பங்கு வருகிறது. கரித்தாஸ் முதலிய நிறுவனங்களோடு வந்த தொண்டர்கள் பிள்ளைகளின் வகுப்புகளைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வகுப்புகளை மக்கள் ஆசிரியர்களிடமே விட்டுவிட்டு, அந்த ஆசிரியர்களைப் பயிற்றுவதில் நேரத்தைச் செலவிட்டார்கள். அடுத்த வாரப் பாடத்தை அவர்களோடு இருந்து தயாரித்தார்கள். விளங்காத கணக்கை விளங்கப்படுத்தினார்கள். கொப்பி, பென்சில், வெண்கட்டி வந்து சேர வழி செய்தார்கள். வெளிநாட்டவர் முகாமில் இருப்பது இராணுவத்தின் கையை ஓரளவு கட்டிவைத்தது என்பதும் உண்மை. தொண்டர்கள் மாறி மாறி வந்து போனார்கள். எவர் போனாலும் மறுநாள் காலையில் வகுப்பு நடந்தது.

பாடம் நடந்த விதம்

வளர்ந்தவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கும் முறை ஒன்று அப்போது தென் அமெரிக்கா எங்கும் பரவியிருந்தது. அதை வகுத்தவர் பிறேசில் நாட்டைச் சேர்ந்த பாவுலோ பிறெயிரே. 1963இல் அந்நாட்டின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்குச் சில வாரங்களிலேயே எழுத வாசிக்கப் படிப்பித்துக் காட்டினார். அடுத்த வருடம் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவரைச் சிறையிலடைத்தது. பின்னர் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 1970 முதல் ஜெனீவாவில் உள்ள உலகத் திருச்சபைகள் மன்றத்தில் கல்விப் பணி ஆற்றினார்.

அவர் முறையை எமது மொழியில் வைத்து விளக்கலாம். வளர்ந்தவரிடம் அரிவரிப் புத்தகத்தைக் கொடுத்து அ, ஆ என்று தொடங்கினால் அவருக்கு வெட்கமாக இருக்கும். சின்னப் பிள்ளையாக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். ஆகவே முதலில் ஒரு படத்தைக் காட்டுகிறோம். ஒரு வயலின் படம் என்று வைத்துக்கொள்வோம். இது யாருடைய வயல்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? விளைந்த நெல்லுக்கு விலை வைப்பது யார்? இவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த விடயத்தில் ஆசிரியரைவிட விவசாயிக்குத்தான் கூடுதலாகத் தெரியும். பேசி முடித்த பின் ‘வயல்’ என்ற சொல்லை எழுதிக் காட்டுகிறோம். அதைப் பிரித்து வ, வா, வி, வீ என்றும், ய, யா, யி, யீ என்றும், ல, லா, லி, லீ என்றும் வரிசையாக எழுதுகிறோம். அந்த எழுத்துகளைக் கூட்டிப் புதுச் சொற்களை மாணவரே கண்டுபிடிக்கிறார். வாய், வலி, வாயில், வால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் நாளே நாலைந்து சொற்களைத் தாமாக வாசித்தவர் இரண்டாம் நாள் வராமல் நிற்கமாட்டார்.

இம்முறையில் எழுத்தோடு பேச்சும் வளர்கிறது. இதுவரை பேசாதிருந்த மனிதர் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார். பங்கீட்டு நிறை ஏன் குறைந்தது என்று கேட்கிறார். கைநாட்டு வைக்குமுன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிறார்.

ஆயினும் எல்லாம் நன்றாகவே நடந்தன என்று எண்ணிவிடக்கூடாது. மக்கள் ஆசிரியர்கள் பலர் தாம் சிறுவயதில் கண்ட ஒரே முறைக்கே திரும்பினார்கள். பலகையில் எழுதிவிட்டுப் பார்த்தெழுதச் சொல்வதே அந்த முறை. ஆசிரியருக்குத் தெளிவில்லாத கணக்குப் பிள்ளைக்கும் தெளிவில்லாமல் போயிற்று. ஆகவேதான் பயிற்சியை ஒருநாளும் நிறுத்தமுடியவில்லை.

அயல்நாட்டில் நடந்தது

பக்கத்து நாடான நிக்கரகுவாவில் இதே காலத்தில் நடந்த வேறொரு முயற்சியையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். 1979இல் அங்கு ஆட்சி மாறியது. 1980 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதங்களுக்கு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அதன் இணைப்பாளராக இருந்தவர் இயேசு சபைக் குருவான பெர்னாண்டோ கார்தினால். மேல்வகுப்புகளை மூடி, பெற்றோரின் சம்மதத்துடன் மாணவ மாணவியரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 60,000 பேர் கிராமப்புறங்களில் விவசாயிகளின் வீடுகளிலேயே தங்கினார்கள். பகலில் வீட்டுக்காரரோடு தோட்டத்தில் வேலை, இரவில் லாம்பு வெளிச்சத்தில் வகுப்பு. சனிக்கிழமைகளில் கூடி அந்த வாரத்தின் குறைநிறைகளைப் பேசினார்கள். மாடு கறக்கவும் சோளம் அரைக்கவும் பட்டணத்துப் பிள்ளைகள் விவசாயிகளிடம் கற்றுக்கொண்டார்கள்.

எழுத்தறியாதோர் தொகை நூற்றுக்கு 50இலிருந்து 13 ஆகக் குறைந்தது என்று அரசு அறிவித்தது. இக்கணக்கைக் குறைத்து மதிப்பிடுவோரும் உண்டு. பாடநூலில் ஆளும் கட்சியின் புகழ் அதிகம் என்ற கண்டனமும் எழுந்தது. கிழக்குக் கரையில் வாழும் மிஸ்கிற்றோ மக்களுக்குத் தமது மொழியில் பாடம் வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட பின்னரே அவர்களது மொழியில் வகுப்புகள் நடந்தன. பட்டணத்து மாணவர் திரும்பிப் போனபோது, புதிதாக வாசிக்கப் பழகியவர்களில் ஒருவரையே தெரிந்தெடுத்து வகுப்பைத் தொடரச் செய்தார்கள். ஆனால் விரைவில் போர் மூண்டது. ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள், கிராமங்கள் இடம்பெயர்ந்தன, பல இடங்களில் வகுப்புகள் நின்றன. பெற்ற எழுத்தறிவும் ஓரளவு மங்கிப்போயிற்று. எழுத்தறிவும் பயிர் போன்றது. விதைத்தபின் தண்ணீர் விடாவிட்டால் கருகும்.

திரும்பிப் போன பின்பு

1989 நவம்பரில் கொலமொன்காகுவா மக்கள் தமது நாட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். போர் அப்போது முடியவில்லை. அதே நாட்களில்தான், நவம்பர் 16ஆம் திகதி, தலைநகர் சான் சல்வடோரில் ஆறு இயேசு சபைக் குருக்களையும் இரண்டு பெண்களையும் படையினர் சுட்டுக்கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அகதிகளின் நிலையை ஆராய்ந்து எழுதிவந்த அருட்தந்தை செகுந்தோ மொன்ரெஸ். திரும்பி வந்த மக்கள் மொறசானில் தாம் அமைத்த புதிய ஊருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

வரும்போது பட்டறை இயந்திரங்களையும் கட்டடங்களின் மரங்களையும் கழற்றி ஏற்றி வந்தார்கள். தம் ஆசிரியர்களையும் கூட்டி வந்தார்கள். ஆதலால் ஊர் அமைந்ததுமே பாடசாலையும் நடந்தது.

இதன்பின் எதிர்பாராத ஒரு துன்பம் வந்தது. 1992இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. கல்வி அமைச்சு இப்பகுதிகளில் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்க முன்வந்தபோது மக்கள் ஆசிரியர்களிடம் தராதரப் பத்திரம் எங்கே என்று கேட்டது. பத்து வருடம் படிப்பித்தவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அவர்களுக்குப் பதிலாகச் சான்றிதழ் உள்ளவர்களை வெளியிலிருந்து நியமிக்க அமைச்சு விரும்பியது. மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கோரிக்கை எழுதினார்கள், கூட்டம் வைத்தார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள். மக்கள் ஆசிரியர்களும் படிப்பித்தபடியே விட்ட வகுப்புகளைப் படித்து முடித்தார்கள். பலர் பின்னர் முறையான ஆசிரியத் தகைமை பெற்றார்கள்.

எமக்கு இதில் என்ன?

1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2009இல் வன்னி மக்கள் முகாம்களில் இருந்தபோதும் பிள்ளைகள் மர நிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் படித்ததை நாம் மறக்கவில்லை. எமது வடக்கு கிழக்கிலும் போர்க்காலத்தில் தொண்டர் ஆசிரியர்கள் என்ற பெயரில் எத்தனையோ இளைஞர் யுவதிகள் பாடசாலைகளைத் தாங்கி நின்றார்கள். அவர்களும் நிரந்தர நியமனத்துக்காகப் பல வருடங்கள் காத்திருக்கவும் போராடவும் நேர்ந்தது. ஆகவே கொலமொன்காகுவாவின் அனுபவம் எமக்குப் புதிதல்ல. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

1. ஆசிரியர் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் ஆண்டு படித்த தாய் ஒருவர் அரிவரி வகுப்பை நடத்தலாம். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை ஐந்தாம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

2. படிப்பிப்பவரும் படிக்க வேண்டும். அவருக்கென்று வாரத்தில் ஒரு நாளாவது மேல்வகுப்புப் பாடம் இருக்கட்டும்.

3. வெளியிலிருந்து தொண்டர் ஒருவர் வந்தால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எமது ஆசிரியர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்பதே. அவர் வகுப்பு எடுக்கும்போது ஊர்ப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை வகுப்பை எடுக்கட்டும், தொண்டர் பக்கத்தில் நிற்கட்டும்.

4. வகுப்பு நேரத்தை வேலையைப் பார்த்து வையுங்கள். அறுவடைக் காலத்தில் இரவு வகுப்பே நடக்கும். பிள்ளை மாடு மேய்க்கப் போகும் வீட்டில் காலை வகுப்பை வற்புறுத்துவதில் பயனில்லை.

5. தொண்டருக்கு ஊர் கொடுப்பதும் கொடைதான். சாப்பாடும் இருப்பிடமும் ஊர்தான் கொடுக்கிறது. மொழியையும் ஊர்தான் பழக்குகிறது. ஆகவே கடன்பட்டவர் போலத் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. பாடம் விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்.

6. எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வரவுப் பதிவேடு, நடந்த பாடங்கள், படிப்பித்தவரின் பெயரும் தொடங்கிய திகதியும், வந்து பார்த்த அதிகாரியின் கையொப்பம் ஆகிய யாவும் ஒரு கொப்பியில் இருக்கட்டும். கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பங்குத்தந்தைக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். நாளை தராதரப் பத்திரம் எங்கே என்று கேட்கப்படும்போது அந்தக் கொப்பிதான் சாட்சி சொல்லும்.

இவற்றுள் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. தேவைப்படுவது, படிப்பிக்க முன்வரும் பிள்ளையை ஊர் மதிப்பதே. எமது குடும்பங்களில் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். திரும்பியவர்களிலும் உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள்களை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

உங்கள் கிராமத்தில், குடியிருப்பில் இவ்வாறு வகுப்பு நடத்தும் ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரது கொட்டிலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கிடுகு பழுதாகியிருந்தால் மழைக்கு முன் மாற்றிக் கொடுங்கள். வெண்கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் படிக்க விரும்பும் மேல்வகுப்புப் புத்தகம் எதுவென்றும் கேட்டு வையுங்கள்.